சோப்பு எங்கே இருக்கிறது?

2021 நவம்பர் 1. 19 மாதங்களுக்கும் மேலாக மூடிக் கிடந்த தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்த நாள். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில், முகக்கவசத்துடன் உட்கார்ந்திருந்த குழந்தைகளிடம், "கையை எப்படிக் கழுவ வேண்டும்?" என்று கேட்டேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகம் என வரிசை தவறாமல் செய்து காட்டினார்கள். மனம் நிறைந்தது.

மதிய உணவு வேளையில் குழாயடியில் நின்று பார்த்தேன். தட்டை அலசிய ஈரக் கையோடு எல்லாரும் வரிசைக்குப் போய்விட்டார்கள். ஒரு மாணவியை அழைத்து, "சோப்பு போடலையாம்மா?" என்றேன்.

"சோப்பு உங்க பீரோவுல இருக்கு டீச்சர்" என்றாள்.

உண்மைதான். தொலைந்துவிடும் என்று நான்தான் பூட்டி வைத்திருந்தேன். குழந்தைகளுக்கு விழிப்புணர்வு இருந்தது; கைக்கெட்டும் தூரத்தில் சோப்பு இல்லை.

மறுநாள் பூண்டு வாங்கிய வலைப்பையில் சோப்பைப் போட்டு, குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டோம். குழாய் எட்டாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இரண்டு செங்கல் வைத்து மேடை அமைத்தோம். சோப்பு தீர்ந்தால் சொல்லும் பொறுப்பை வாரம் ஒரு மாணவர் ஏற்றார்.

ஏன் சோப்பு? கொரோனா கிருமியின் வெளியுறை கொழுப்பால் ஆனது. தண்ணீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு போகாததுபோல, அதுவும் எளிதில் போகாது. சோப்பு அந்தக் கொழுப்புறையை உடைத்துவிடுகிறது. அதற்குக் குறைந்தது 20 விநாடிகள் தேய்க்க வேண்டும்.

இதை வகுப்பில் செய்தே பார்க்கலாம். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்துக் கைகளில் பூசச் சொன்னேன். வெறும் தண்ணீரில் மஞ்சள் போகவில்லை. சோப்புக் கட்டியால் தேய்த்ததும் சிவப்பாக மாறியது. சோப்பு காரத்தன்மை உடையது என்பதே காரணம். கட்டைவிரலைச் சுற்றியும் விரலிடுக்கிலும் பலருக்கு மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "இங்கெல்லாம் சோப்பே படல டீச்சர்!" என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் பத்து முறை சொல்லியும் பதியாதது, ஒரே நாளில் பதிந்தது.

ஒன்றில் மட்டும் நான் தாமதமாக விழித்துக்கொண்டேன். ஒரு மாணவன் தும்மியபோது, அருகில் இருந்தவர்கள் "கொரோனா, கொரோனா" என்று விலகி ஓடினார்கள். அவன் அடுத்த இரண்டு நாள் வரவில்லை. இரண்டாம் அலையில் அவன் அப்பா மருத்துவமனையில் இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அச்சமூட்டியே சுகாதாரம் கற்பித்தால், குழந்தை காய்ச்சலை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். மறைத்த காய்ச்சல்தான் வகுப்பு முழுவதும் பரவும்.

அவன் திரும்பி வந்த அன்று வகுப்பில் பேசினோம். முழங்கையை மடித்து அதில் தும்மப் பழகினோம். "உடம்பு சரியில்லை என்று முதலில் சொல்பவர் நம் எல்லாரையும் காப்பாற்றுகிறார்" என்றேன். மறுவாரம் தலைவலி என்று தயங்காமல் என்னிடம் வந்தவன் அவன்தான்.

பெருந்தொற்று ஓயலாம், வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் கை வழியே வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே ஆசிரிய நண்பர்களே, நாளை மதிய மணி அடித்ததும் ஒருமுறை குழாயடியில் நின்று பாருங்கள். உங்கள் பள்ளியில் சோப்பு எங்கே இருக்கிறது?