உங்களுக்குத் தெரியுமா? பிச்சாவரத்து மரத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர்!

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வளரும் ஒரு சுரபுன்னை வகை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது: ரைசோபோரா அண்ணாமலயானா!

• 1995இல் இதை உலகுக்கு அறிவித்தவர் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. கதிரேசன். இரண்டு இனங்கள் இயற்கையாகவே கலந்து பிறந்த கலப்பினம் இது.

• சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இதே காட்டில் வளர்கிறது. படம் எடுக்கலாம், கிளையை ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

• இப்படி இயற்கையில் கண்டதைப் பகிர ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியோ கடலூர் வயல்வரப்போ, 15 நிமிடம் பார்த்த பறவைகளை இ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் உண்டு. படத்தோடு இடமும் நாளும் சேர்த்துப் பதிய வேண்டும்.