கண்டி மாநகரில் இரண்டு இரவுகள்

கல்முனையில் வாழும் எம்மவர்க்குக் கண்டி மாநகரம் அத்துணைத் தொலைவானதன்று. காரைதீவுச் சந்தியில் திரும்பிச் சம்மாந்துறை, அம்பாறை, உகனை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து, அசலக்கைக்கு அப்பால் மலையேறும் பதினெட்டு வளைவுகளையும் சுற்றி முடித்தால் கண்டிச் சீமை வந்துவிடும். தூரம் ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். ஆயினும் காலையிற் போய் மாலையில் மீள முடியாத பயணம் அது. எனவே, கண்டிக்குப் போவது என்ற எண்ணம் எழுந்தவுடன், எங்கே தங்குவது என்ற கேள்வியும் உடன் எழுந்துவிடுகின்றது.

எமது சக ஆசிரியர் ஒருவரின் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். பதிவுக்காக அவளை அழைத்துச் செல்ல வேண்டும். எம் மகனும் அடுத்த ஆண்டில் உயர்தரப் பரீட்சை எழுதவிருப்பவன். அவனும் அந்த வளாகத்தை ஒருமுறை கண்டு வரட்டும் என்று எண்ணினோம். இவ்வாறு இரு குடும்பங்களும் சேர்ந்து புறப்படுவதெனத் தீர்மானமாயிற்று. அவர்கள் இஸ்லாமியர், நாம் இந்துக்கள். இருபது ஆண்டுகளாக ஒரே பாடசாலை விடுதியறையில் தேநீர் பகிர்ந்து வந்தோர்க்கு அது ஒரு தடையாகத் தோன்றவில்லை.

தடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. நண்பரின் தாயாராகிய உம்மா, தாமும் வருவதாகச் சொன்னார். எழுபதைக் கடந்தவர், இரண்டு முழங்கால்களும் அவருக்கு ஒத்துழைப்பதில்லை. "மகன், புள்ளய விட்டுட்டு வாற ஊர நான் கண்ணால பாக்காம அனுப்ப மாட்டன்" என்பது அவருடைய முடிந்த முடிபு. அவருடைய அச்சத்துக்குக் காரணம் இல்லையென்று கூறுவதற்கில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஓர் உணவுக் கடையில் எழுந்த பொய் வதந்தி பள்ளிவாசல் வரை சென்று தாக்கியது. அடுத்த வாரமே திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. மார்ச்சு 6ஆந் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நாம் செல்லவேண்டிய பாதையோ அம்பாறையில் தொடங்கித் தெல்தெனிய, திகன வழியாகவே கண்டியை அடைகின்றது. பாதையின் பெயர்களைக் கேட்டபோதெல்லாம் உம்மா வாய் திறவாதிருந்தார்.

இனித் தங்குமிடத்தைப் பற்றிக் கூறுவோம். எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் இத்தாலி நாட்டின் பெரூஜா என்னும் மலைநகரில் வாழ்கின்றார். எமது பயணத்தைப் பற்றி அறிந்து அவர் எழுதிய கடிதம் பெரிதும் பயன்பட்டது. பெரூஜா நகரின் புகையிரத நிலையம் அடிவாரத்தில் உள்ளது. பழைய நகரமோ குன்றின் உச்சியில். 1308ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அங்கே இருப்பதனால் மாணவர் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாப்பரசர் கட்டிய பழங்கோட்டையின் வயிற்றுக்குள்ளே, புதையுண்ட தெருக்களின் ஊடாக, 1983ஆம் ஆண்டு முதல் நகரும் படிக்கட்டுகள் மக்களை மேலே ஏற்றிவிடுகின்றனவாம். ஆகவே அங்கே அடிவாரத்தில் மலிவாகத் தங்கி, மேலே சென்று சுற்றி வரலாம். சில கன்னியர் மடங்களிலும் பயணிகளுக்குத் தூய அறைகள் உண்டு; ஆனால் இரவில் குறித்த நேரத்தில் வாயிற்கதவு அடைபட்டுவிடும். அறைவாடகைக்கு மேலாகத் தலைக்கு இவ்வளவு என்று நகரசபை வரி ஒன்றும் அறவிடப்படுமாம். "சேர், கண்டியில் நகரும் படிகள் இல்லை. அறை எத்தனை அடி உயரத்தில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவர் கூறியது உண்மையாயிற்று. கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்துள்ளது. ஏரியும் தலதா மாளிகையும் கடைத்தெருவும் கிண்ணத்தின் அடியில். மலிந்த விடுதிகள் பெரும்பாலும் அதன் ஓரங்களில். சரணங்கர வீதி, ராஜபிஹில்ல மாவத்தை ஆகியவற்றின் பக்கங்களில் இத்தகைய சிறு விடுதிகள் பல உள்ளன. கைத்தொலைபேசியில் வரும் படங்களில் ஏரி அழகாகத் தெரியும், படிகள் தெரியா.

ஒரு தாளை எடுத்துக் கணக்கெழுதினோம். நாம் எழுவர். பெண்கள் நால்வருக்கு ஒரு பெரிய அறை, ஆண்கள் மூவருக்கு ஓர் அறை என்று வகுத்தால், மூன்றறை தேவைப்படும் இடத்தில் இரண்டு போதும். மலைமேலுள்ள விடுதியில் அறைக்கு இரவொன்றுக்கு ஐயாயிரம் ரூபா. ஏரிக்கரைக்கு அண்மையிலுள்ளதில் ஆறாயிரத்து ஐந்நூறு. இரண்டு அறை, இரண்டு இரவு: வேறுபாடு ஆறாயிரம் ரூபா. மேலேயுள்ளதே இலாபம் என்று நண்பர் மகிழ்ந்தார். ஆனால் உம்மாவை ஏற்றி இறக்க முச்சக்கர வண்டி வேண்டும். ஒரு தடவைக்கு நானூறு ரூபா என்று வைத்து, எட்டுத் தடவைக்கு மூவாயிரத்து இருநூறு; வரும்போதும் போகும்போதும் பொதிகளோடு இரண்டிரண்டு வண்டிகளுக்கு ஆயிரத்து அறுநூறு. ஆக நாலாயிரத்து எண்ணூறு. மிச்சப்படுவது ஆயிரத்து இருநூறு ரூபா மாத்திரமே. எழுவர் பிரித்தால் ஒருவர்க்கு நூற்றெழுபது ரூபா! அதற்காக ஒரு முதியவரின் முழங்காலை விலைபேசுவதா? தாளின் மேற்பாதியை அடித்துவிட்டோம்.

அரசாங்க ஊழியர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. பல திணைக்களங்களுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் மலைநாட்டில் சேர்க்கிட் பங்களாக்கள் உள்ளன. உள்ளே பணிபுரியும் ஒருவரின் சிபாரிசோடு முன்னதாகவே விண்ணப்பித்தால் குறைந்த வாடகையிற் கிடைக்கும். எமக்கு அவகாசம் போதவில்லை. அடுத்த முறை இரண்டு மாதம் முந்தியே எழுத எண்ணியுள்ளோம்.

தொலைபேசியில் பேசும் பொறுப்பை எம் மகன் ஏற்றான். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தவன். எம் தலைமுறை ஆங்கிலத்தில் தடுமாறிக் கேட்டால் டொலர்க் கணக்கு வரும். அவன் சிங்களத்திற் கேட்டபோது உள்ளூர்க் கட்டணம் வந்தது. முதலாவது விடுதியில் எல்லாம் பேசி முடிந்தது. இறுதியாகப் பெயர்களைக் கேட்டார்கள். நண்பரின் பெயரையும் எமது பெயரையும் சொன்னான். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அறைகள் நிரம்பிவிட்டன என்றார்கள். மாலையில் அவன், எம்மிடம் கேளாமலே, பெயர் சொல்லாது மீண்டும் அழைத்தான். அதே நாளுக்கு அறை இருந்தது. வேறு யாரேனும் இடையில் அறையை வேண்டாமென்றிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவன் அதைச் சொன்னபோது நண்பர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை.

லொட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே எம் வயதினர்க்கு வேறு நினைவுகள் வரும். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் ஓரிரவில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. மருத்துவத்துக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் வந்து தங்கியிருந்த எளிய மக்கள் பலர் அவர்களுள் இருந்தார்கள். அந்நாட்களிற் பிறந்தே இராத எம் மகனுக்கு இதனைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாவது அழைப்பில் ஒரு மூதாட்டி பேசினார். பெயர்களைக் கேட்ட பின்னர் அவர் கேட்ட கேள்வி, "பெரியவர் எத்தனை படி ஏறுவார்?" என்பது. வீதியிலிருந்து இருபத்திரண்டு படிகள் உள்ளனவாம். கைபிடிக் கம்பி உண்டாம். காலையுணவு வாடகையில் அடக்கமா, சுடுநீர் உண்டா, சேவைக் கட்டணம் தனியா என்றெல்லாம் மகன் வினவினான். அடக்கம், உண்டு, இல்லை என்று விடை வந்தது. இந்த மூன்றையும் கேளாமற் பணம் அனுப்புவது தவறு. சாப்பாட்டுக்குத்தான் சிறிது யோசனை. நாம் மரக்கறி உண்போர். அவர்களுக்கு ஹலால் வேண்டும். எல்லார்க்கும் கிரிபத்தும் லுணுமிரிசும் செய்து தருவதாக அம்மூதாட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஆடி, ஆவணியில் வரும் எசல பெரகராக் காலத்தில் கண்டியில் அறை கிடைப்பதே அரிது. கிடைப்பினும் வாடகை பன்மடங்காகும். பாடசாலை விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் இதே நிலைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓயாது. உடவத்தைக் காட்டில் அட்டைகள் காத்திருக்கும். நாம் சென்றது வாரத்தின் நடுநாட்களில்.

புறப்பட்ட அன்று நண்பர் வீட்டிலிருந்து இடியப்பமும் சம்பலும் வாழையிலைப் பொதிகளாக வந்தன. உம்மா, குளிருக்கென்று மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை மேலே போர்த்திருந்தார். அம்பாறையில் தேநீருக்கு பஸ் நின்றபோது அவர் இறங்கவில்லை. வளைவுகளில் ஏறும்போது எம் மனைவியாருக்குத் தலை சுற்றியது. தேசிக்காயை முகர்ந்துகொண்டே வந்தார். உம்மாவோ ஒவ்வொரு வளைவிலும் கீழே விரிந்த மகாவலிச் சமவெளியை எட்டிப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்.

நகருக்குள் இறங்கியதும் மணிக்கூட்டுக் கோபுரம் எதிர்ப்பட்டது. விபத்தில் இறந்த தம் மகனின் நினைவாக முஸ்லிம் வணிகர் ஒருவர் கட்டிக்கொடுத்து, 1950ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது அது என்று நண்பர் தம் தாயாருக்குக் கூறினார். "எத்தன வயசுப் புள்ள?" என்று மட்டும் அவர் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

கண்டிக்கும் எமது கரைக்கும் உள்ள உறவு புதியதன்று. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. அக்காலத்தில் தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகரின் தடங்கள் கரையையும் மலையையும் இணைத்தன. உப்பும் கருவாடும் மேலே ஏறின, பாக்கு கீழே இறங்கிற்று. கண்டியின் கடைசி மன்னர்கள் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். இன்று நாம் காணும் ஏரியை வயல்நிலத்தில் வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், 1815இல் ஆங்கிலேயரிடம் அரசிழந்து வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மாண்டான். மாலையில் அவ்வேரிக் கரையில் உம்மாவை ஒரு வாங்கில் அமர்த்திவிட்டு, நாம் தலதா மாளிகைக்குச் சென்றோம். உள்நாட்டவர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை; தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டு ஜனவரியில் குண்டு வெடித்த இடமாதலால் சோதனை உண்டு. அருகே பத்தினி தேவாலயம். காரைதீவில் வைகாசிக் குளிர்த்தியில் நாம் வணங்கும் கண்ணகையே அங்கும் வீற்றிருக்கின்றாள் என்பதைக் கண்டு எம் மனைவியார் வெகுநேரம் அகலாது நின்றார். திரும்பி வந்தபோது நண்பர் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்றிருந்தார். உம்மாவோ அருகிலிருந்த கடலை விற்கும் பெண்ணோடு, ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாமலே, முழங்கால் வலியைப் பற்றிக் கைகளால் உரையாடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேராதனை. கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே இடம்பெயர்ந்தது. பதிவு அலுவல் நண்பகல் வரை நீண்டது; அதனை விவரிப்பதிற் பயனில்லை. வளாகத்துள் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் இருப்பதை உம்மா விசாரித்து அறிந்துகொண்டார். பெண்கள் விடுதியின் வாயிலில் நின்று, ஜன்னல்களுக்குக் கம்பி இருக்கின்றதா என்றும் பார்த்தார்.

மூன்றாம் நாட் காலையில், மூதாட்டியிடம் விடைபெற்று, பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு அறுவராகப் பஸ் ஏறினோம். குறிப்புப் புத்தகத்தின்படி, எண்ணியதைவிட இரண்டாயிரத்து முந்நூறு ரூபா அதிகமாயிருந்தது. அதிற் பெரும்பகுதி பேத்திக்கு வாங்கிய கேத்தலும் கம்பளிப் போர்வையும்.

திகனையை நெருங்கியபோது, "எந்த இடம் மகன்?" என்று உம்மா எம்மைக் கேட்டார். சொன்னோம். கண்ணாடியோடு முகத்தை வைத்து இரு மருங்கும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைகள் திறந்திருந்தன. தெல்தெனியவும் கடந்த பின்னர்தான் திரும்பினார்.

"லீவுக்குப் புள்ள இந்தப் பாதையாலதானே வரும்?"

ஆம் என்றோம்.

"பகல் பஸ்ஸிலயே வரச் சொல்லுங்க" என்றார்.