ஒயினுக்குப் புட்டியா, பெட்டியா, டின்னா?

திராட்சை சாகுபடியாளரின் வருமானம் தோட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. விளைபொருள் எந்த அளவில், எந்தச் சிப்பத்தில் வாங்குவோரைச் சென்றடைகிறது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. ஒயின் தயாரிக்கும் நாடுகள் இதை இன்று நன்கு உணர்ந்துள்ளன. 2024-ல் உலகில் அருந்தப்பட்ட ஒயின் சுமார் 2,142 கோடி லிட்டர். 1961-க்குப் பின் அந்த ஆண்டு வரையில் இதுவே மிகக் குறைவு. இளைய தலைமுறையினர் முந்தைய தலைமுறையினரைப்போல ஒயின் வாங்காததும் இதற்கு ஒரு காரணம். தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட் பகுதியில் சிவப்பு ஒயின் திராட்சையின் விலை சாகுபடிச் செலவுக்கும் கீழே இறங்கியதால், கொடிகளையே அகற்றியவர்கள் உண்டு.

பெட்டி ஒயின்

அதே பகுதியிலுள்ள ரென்மார்க் ஊரைச் சேர்ந்த தாமஸ் அங்கோவ், 1965-ல் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து ஒயின் நிரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குழாய் பொருத்திய பைகள் பின்னர் வந்தன. ஒயினை எடுக்க எடுக்கப் பை சுருங்குவதால் காற்று உட்புகுவதில்லை. திறந்த புட்டி சில நாட்களில் சுவை கெடும். பெட்டி ஒயின் 4 முதல் 6 வாரங்கள் வரை தாங்கும். ஆயினும் பையின் வழியே பிராணவாயு சிறிது சிறிதாகக் கசிவதால், நிரப்பிய ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும்.

திருகு மூடி

தக்கையில் உண்டாகும் டி.சி.ஏ. என்னும் பொருள் ஒயினுக்கு ஈர அட்டை போன்ற வாடையைத் தரும். இதைத் தவிர்க்க, ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர்கள் 2000-ல் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினர். தக்கை திருகி தேவையில்லை என்பது இளைஞர்களுக்கு வசதியாயிற்று.

அலுமினிய டின்

250 மி.லி. டின் என்பது வழக்கமான 750 மி.லி. புட்டியில் மூன்றில் ஒரு பங்கு. எடை குறைவு, விரைவில் குளிரும், உடையாது. ஒருவர் ஒரு முறை அருந்தும் அளவு என்பதால் இளம் வயதினர் விரும்புகின்றனர். அமெரிக்க அரசு 2020 டிசம்பரில் ஒயினுக்கு 200, 250, 355 மி.லி. அளவுகளைப் புதிதாக அனுமதித்தது. ஒயினில் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு, டின்னின் உட்பூச்சைக் கடந்து அலுமினியத்துடன் வினைபுரிந்தால் அழுகிய முட்டை நாற்றம் உண்டாகும். எனவே அதன் அளவைக் குறைத்தும் தகுந்த உட்பூச்சைத் தேர்ந்தும் நிரப்ப வேண்டும்.

எதற்கு எது?

பல ஆண்டுகள் வைத்து முதிர்விக்கும் ஒயினுக்குக் கண்ணாடிப் புட்டியே உகந்தது. உடனே அருந்தும் ஒயினுக்குப் பெட்டியும் டின்னும் போதுமானவை. ஆனால் தரமற்ற ஒயினைப் புதிய சிப்பத்தில் அடைத்தால், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கமாட்டார்.

நம் விவசாயிகளுக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. சாறு தயாரிக்கவும் ஏற்ற இரகம் இது. சாறு தயாரித்து விற்க எண்ணும் விவசாயக் குழுக்கள், வாங்குபவர் யார், எங்கே அருந்துவார், திறந்தபின் எத்தனை நாளில் தீர்ப்பார் என்பவற்றை முதலில் விசாரித்தறிவது அவசியம். சிறிய அளவில் நிரப்பி விற்றுப் பார்த்த பின்னரே இயந்திரங்களில் முதலீடு செய்வது நலம் பயக்கும்.