காத்மாண்டு - பொக்காரா பஸ் பயணம்... பள்ளத்தைப் பார்த்தாலே பயமா? இதைச் செய்யுங்க!

நேபாளத்தில் காத்மாண்டு - பொக்காரா சாலை சுமார் 200 கி.மீ. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. வளைவில் பஸ் திரும்பும்போது வயிற்றைக் கலக்குதா?

இந்தப் பயத்தை முழுசா ஒதுக்க வேண்டாம். 2024 ஜூலை 12 அதிகாலை, இதே வழியில் உள்ள முக்ளிங்கில் இருந்து பிரியும் நாராயண்காட் சாலையில் நிலச்சரிவு ஏற்பட்டது. 60-க்கும் மேற்பட்டோருடன் 2 பஸ்கள் திரிசூலி ஆற்றில் விழுந்தன. அது மழைக்காலம், இரவுப் பயணம்.

அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது. மற்ற மாதங்களிலும் பகல் பஸ்தான் பாதுகாப்பு.

மீதிப் பயத்துக்கு என்ன செய்யலாம்?

* சீட்: காத்மாண்டுவில் இருந்து முக்ளிங் வரை ஆறு பெரும்பாலும் வலப்பக்கம் வரும். இடப்பக்க சீட் கேளுங்க.

* மூச்சு: படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக்குங்க.

* பழக்கம்: பயந்து தவிர்த்துக்கொண்டே இருந்தால் பயம் வளரும். முதலில் சுமார் 30 கி.மீ. தூரத்தில் உள்ள நாகர்கோட் மலைக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்க.

* டிரைவர் வேகமாகப் போனால், தயங்காமல் 'பிஸ்தாரை' எனச் சொல்லுங்க. நேபாளியில் 'மெதுவா' என்று அர்த்தம்.