வீட்டுவரியோடு செலுத்தும் நூலக வரி

வீட்டுவரி செலுத்தாத குடும்பம் நம் கிராமங்களில் அரிது. ஆயின் அவ்வரியோடு சேர்த்து, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் தாம் செலுத்தி வருவதை அறிந்தோர் மிகச் சிலரே. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நடைபெற்ற ஒரு கிராம சபைக் கூட்டத்தில் முதிய குடியானவர் ஒருவர் எழுந்து, "வரி வாங்குகிறீர்கள், சரி, எங்கள் ஊர் நூலகம் எங்கே ஐயா?" என்று வினவினார். ஊராட்சி அலுவலகத்தை அடுத்திருந்த கட்டடத்தைச் சுட்டிக் காட்டினேன். அதன் பூட்டுத் துருப்பிடித்திருந்தது. சாவி எவரிடம் உள்ளது என்று கண்டறியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று எனக்கு நேர்ந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இவ்வரியின் மூலம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென இயற்றப்பட்ட முதற் சட்டம் இதுவே. அப்போது கல்வி அமைச்சராயிருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள். சட்டத்திற்குப் பல்லாண்டு முயன்று வழிவகுத்தவர், நமக்கு அண்மையிலுள்ள சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள். நூல்கள் அலமாரியில் காத்து வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் வகுத்த விதிகளில் முதலாவது. அந்நாளில் வரி ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரையணா. இன்று வீட்டுவரி இருநூறு ரூபாயெனின் நூலக வரி இருபது ரூபாய் ஆகிறது. ஊராட்சி இத்தொகையை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்குச் செலுத்துதல் வேண்டும். தெருவிளக்குக்கோ குடிநீர்க் குழாய்க்கோ இதனைத் திருப்பிவிட இடமில்லை. நிலுவை வைத்துவிட்டு, எங்கள் ஊருக்குப் புதிய நூல்கள் வரவில்லையே என்று குறை கூறுவது பொருந்துமா என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆணைக்குழுவின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என நான்கு படிகள் உள்ளன. இவற்றுள் எதிலும் அமர்ந்து படிக்கக் கட்டணமில்லை. தினத்தாளும் வார, மாத இதழ்களும் எவரும் பார்க்கலாம். நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினராதல் வேண்டும். அரசுப் பணித் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் நம் இளைஞர்கள் பலர், விலை கொடுத்து வாங்க இயலாத நூல்களை இங்குதான் படிக்கின்றனர். வேண்டிய நூல் இல்லையெனில் நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம்; கேட்பார் இல்லாத நூல் வாங்கப்படுவதும் அரிது.

உழவர்களுக்கு ஒரு சொல். பெருமாள் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுபவருக்கும் மேட்டு நிலத்தில் முந்திரி வளர்ப்பவருக்கும் பயன்படும் வேளாண்மை நூல்கள் நூலகங்களில் கிடைக்கின்றன. மண்வளம், விதைத்தேர்வு, நீர்ப்பாய்ச்சல் பற்றிப் பழைய நூல்கள் கூறுவன பெரும்பாலும் இன்றும் கொள்ளத்தக்கவை. பூச்சிமருந்து பற்றியவற்றை மட்டும் அப்படியே நம்பலாகாது. எண்டோசல்பான் என்னும் மருந்து 2011இல் உச்ச நீதிமன்றத்தால் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் அச்சான நூல்களில் அதன் பெயர் இன்னும் இருக்கும். நூலின் அச்சாண்டை முதலில் பாருங்கள். பின்னர் வேளாண்மை அலுவலரைக் கலந்து கொள்ளுங்கள்.

வாசகர் நூலகத்தை நாடி வர இயலாவிடில் நூலகம் வாசகரை நாடிச் செல்லலாம் என்பதும் நம் நாட்டார் அறிந்த வழியே. 1931இல் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளரின் முயற்சியால் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர். மண்சாலையும் மாட்டு வண்டியும் இருந்த நாளில் அது இயன்றது.

இனி, அந்தத் துருப்பிடித்த பூட்டுக்கு வருவோம். மேற்கூறிய நால்வகை நூலகங்களுள் அது ஒன்றன்று. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் கட்டப்பெற்ற நூலகங்களுள் ஒன்று அது. இவற்றைப் பேணும் பொறுப்பு ஊராட்சியையே சாரும். நூலகத் துறை பார்த்துக் கொள்ளும் என்று ஊராட்சியும், இது நம்முடையதன்று என்று நூலகத் துறையும் இருந்துவிடின், நடுவில் கரையானுக்கே விருந்து. அன்று கதவைத் திறந்தபோது அடித்தட்டு நூல்கள் அரிக்கப்பட்டிருந்தன. மேல்தட்டு நூல்கள் தப்பியிருந்தன. என் பார்வையிலுள்ள கட்டடத்தை நானும் அதுவரை உட்புகுந்து பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுவருக்கு மருந்தடித்து, அலமாரிகளைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தோம். காலையில் திறந்தால் வருவார் இல்லை; வயலுக்கும் தறிக்கும் போனவர் திரும்பும் பொழுதில் திறந்தால்தான் வருவர் என்று ஊரார் கூறினர். ஆதலின் நேரம் மாலை ஐந்து முதல் எட்டு வரை என மாற்றப்பட்டது. சாவி ஒன்று ஊராட்சிச் செயலரிடமும் மற்றொன்று படித்த இளம்பெண் ஒருவரிடமும் உள்ளது. அன்று வினவிய முதியவர் தம் கண்ணுக்கு எழுத்துப் புலப்படவில்லையென்று பேரனை உடன் அழைத்து வந்து, தினத்தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். அறையில் விளக்கு ஒன்றே உள்ளது; அதனடியில் ஆறு பேருக்கு மேல் அமர இயலவில்லை. இரண்டாவது விளக்குக்கான தீர்மானம் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டுள்ளது.