கார்பன் ஃபோர்க் (மலை மிதிவண்டி)

மலை மிதிவண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை போன்ற பகுதி ஃபோர்க் எனப்படும். சஸ்பென்ஷன் இல்லாமல் கார்பன் இழையால் செய்யப்படுவதும் உண்டு.

எடைக் குறைவே இதன் முதல் பயன். மலிவான சுருள்வில் ஃபோர்க் சுமார் 2.5 கிலோ இருக்கும். கார்பன் ஃபோர்க் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆம்பூருக்கு அருகிலுள்ள ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேறுபாட்டைக் கால்கள் உணரும். ஜவ்வாது மலையின் கல் பாதைகளில் இறங்குவோர் நிலை வேறு. அதிர்வு முழுவதும் மணிக்கட்டுக்கே வரும். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் ஓரளவு தணியும்.

பலரும் தவறுவது ஃபோர்க்கின் நீளத்தில்தான். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள் வரை அளக்க வேண்டும். 29 அங்குலச் சக்கரத்துக்கான, 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் ஏறத்தாழ 500 மி.மீ. இருக்கும்; ஆள் ஏறியதும் 20 மி.மீ. அளவு தாழும். எனவே மாற்றாக வாங்குவது 480 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். விலை குறைவு என்று குட்டையான சாலை மிதிவண்டி ஃபோர்க்கைப் பொருத்தினால் முன்பக்கம் தாழ்ந்து, இறக்கத்தில் வண்டி அலைபாயும்.

தண்டு நேரானதா, அடியில் 1.5 அங்குலமாக விரிவதா, அச்சு 9 மி.மீ.யா 15 மி.மீ.யா என்பதையும் பார்க்க வேண்டும்.

கார்பன் தண்டுக்குள் நட்சத்திர நட்டை அடிக்கக் கூடாது. உள்ளே விரியும் பிளக்கே பொருந்தும். இரும்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் உள்ளே விரிசல் விட்டாலும் மேற்பூச்சு கெடாமல் இருக்கலாம். பலமாக மோதிய ஃபோர்க்கை மாற்றிவிடுவதே நல்லது. ஓட்டத்தில் அது முறிந்தால் கையூன்றக்கூட நேரமிருக்காது.