ஞாயிற்றுக்கிழமை பாலிஷ்காரருக்கு எந்த மெஷின்?

"புது வண்டி தம்பி, அதுக்குள்ள இப்படி ஆயிட்டுல்லா" என்று பானெட்டைக் காட்டாத அண்ணாச்சி திருநெல்வேலி டவுணில் குறைவு. நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாகக் கோடு. ரத வீதிப் புழுதியைக் காய்ந்த துணியால் துடைக்கும்போது, துணிக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிய மணல் இழுத்த கோடு அது. தாழையூத்துப் பக்கம் நிற்கும் வண்டிகளில் சிமென்ட் தூசியும் சேரும். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புக் கறை தனி. வாரநாளில் மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பிழைப்பு இந்தக் கோடுகளாலும் கறைகளாலும்தான்.

பட்டறைகளில் 'ரப்பிங் பாலிஷ்' போடுவது பெரும்பாலும் ரோட்டரி மெஷினில். நானும் அதில்தான் கை பழகினேன். ஒரே அச்சில், நிமிடத்துக்கு சுமார் 600 முதல் 3000 சுற்று வரை ஓடும். கீறல் மளமளவென்று போகும். கூடவே சூடும் ஒரே இடத்தில் ஏறும். கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பெயின்ட் மெலிசு. பம்பரோ பிளாஸ்டிக், தகடு போலச் சூட்டைப் பரப்பிவிடாது. இந்த இடங்களில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் பெயின்ட் போயிற்று. தப்பித்தாலும், வெயிலில் வண்டி மேல் நிழலாட்டமாக ஹோலோகிராம் தெரியும். அதை எடுக்க இன்னொரு சுற்று போடவேண்டும்.

நாம் தேய்ப்பது நிறத்தை அல்ல; அதன் மேலிருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டை. பொதுவாக அது 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியை விட மெலிசு. கீறலை அழிப்பது என்றால், கீறலின் ஆழம் வரை சுற்றிலும் உள்ள பரப்பைச் சீவி மட்டமாக்குவது. சீவியது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரை நிறத்துக்கு இறங்கவிடாமல் தடுப்பதும் அந்தப் படலம்தான். ஆகவே குறைவாகச் சீவி வேலையை முடிக்கிற மெஷினே எனக்கு உயர்ந்த மெஷின்.

அங்கேதான் டூயல் ஆக்‌ஷன் வருகிறது. பம்பரம் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தரையிலும் வட்டம் போடுமே, அப்படி இதன் பேட் சுழன்றுகொண்டே சிறு வட்டமும் அடிக்கும். உரசல் பரவுவதால் சூடு ஒரே புள்ளியில் குவியாது, ஹோலோகிராமும் விழுவதில்லை. பழைய வகைகளில் அந்த வட்டம் 8 மில்லிமீட்டர் அளவு. 1947இல் தொடங்கிய இத்தாலியக் கம்பெனி ரூபெஸ், 'பிக்ஃபுட்' வரிசையில் அதை 15, 21 மில்லிமீட்டர் என்று பெரிதாக்கியது. வட்டம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக இடம் வேலையாகும். இன்று பல கம்பெனிகள் அந்த வழியில் வந்துவிட்டன.

21தான் பெரிசு, அதையே வாங்கலாம் என்று தோன்றும். அகலமான பானெட் உள்ள பெரிய வண்டிக்கு அது சரி. நம் தெருக்களில் நிற்பவை ஆல்டோவும் ஸ்விஃப்டும். குறுகின, வளைந்த பாகங்கள். வளைவில் பெரிய வட்ட மெஷின் சீக்கிரம் நின்றுவிடும். அதிர்வு இருக்கும், சுழற்சி இருக்காது. இதைக் கண்டுபிடிக்க, பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம். நின்றால் அழுத்தத்தைக் குறைத்து, பேட்டைச் சாய்க்காமல் படுக்கவையுங்கள். சின்ன வண்டிகளை நம்பிப் பிழைப்பவருக்கு 15 போதும். 125 மில்லிமீட்டர் தட்டு சந்து பொந்துக்கும் போகும்.

விலைதான் மலைக்க வைக்கும். மலிவான ரோட்டரிக்கும் பேர்பெற்ற டூயல் ஆக்‌ஷனுக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம். எனக்குக் கணக்கு நேரத்தில் நேரானது. காம்பவுண்ட், பாலிஷ், ஹோலோகிராம் எடுக்க ஒன்று என்று மூன்று சுற்று போன இடத்தில், சாதாரணக் கீறலுக்கு இப்போது இரண்டு சுற்று. சில வண்டிக்கு ஒன்றே. நெல்லை வெயிலில் தகடு சுடுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை இது. சுற்று குறைந்ததால் திங்கள்கிழமை பேனா பிடிக்கிற விரலுக்கும் நிம்மதி.

ஆனாலும் கையில் காசு வந்ததும் மெஷினுக்கு ஓடவேண்டாம். முதலில் கீறலைக் காட்டும் நல்ல லைட். அடுத்து பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் எல்லாப் படலமும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 300 என்றால் அது பட்டறைக்குப் போய் வந்த கதவு. பிறகு பேட்கள், போதுமான எண்ணிக்கையில். ஒரே பேட்டில் முழு வண்டியை இழுத்தால் எந்த மெஷினும் கோடுதான் போடும். கடைசியாக மெஷின். வாங்கும்போதே கார்பன் பிரஷ்ஷும் தட்டும் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி, மெல்லிய பாலிஷில் ஒரு கட்டம் முயன்று பாருங்கள். அதிலேயே முக்கால்வாசிக் கோடு போய்விட்டால், மீதியை அண்ணாச்சியிடம் காட்டிச் சம்மதம் வாங்கி விட்டுவிடலாம். அடுத்த முறைக்கும் அந்த வண்டியில் கிளியர் கோட் வேண்டுமே.